மேசையைக் கவிழ்க்காதீர்கள், பகடையை மட்டும் எடுத்துவிடுங்கள்



மல்லாங்கிணறு, காரியாபட்டி வட்டாரத்தைச் சேர்ந்த நம் பிள்ளைகள் சிலர், வரும் கோடை விடுமுறையில் விருதுநகரில் ஒருநாள் விளையாட்டுக் கூடல் ஒன்றை நடத்த எண்ணினர். சதுரங்கத்துக்கு ஒரு மேசை, கேரத்துக்கு இரண்டு, சொல் விளையாட்டுக்கு ஒன்று என்று அவர்கள் பட்டியலிட்டவரை எவரும் வாய் திறக்கவில்லை. அத்துடன் ‘பாத்திரமேற்று ஆடும் கதை விளையாட்டு’க்கு நான்கு மேசைகள் என்று சேர்த்தார்கள். உடனே எதிர்ப்பு எழுந்தது. “இது ஷைத்தானை அழைக்கும் சடங்கு”, “இதை ஆடிய பிள்ளைகள் புத்தி பேதலித்துத் தற்கொலை செய்துகொண்டார்கள்” என்ற செய்திகள் மஹல்லாவின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கின. அந்த விளையாட்டு எப்படி இருக்கும் என்று அந்தப் பிள்ளைகளை அழைத்துக் கேட்டவர் ஒருவருமில்லை.

இந்த எதிர்ப்பில் ஒரு பகுதி நியாயமானது. பெரும்பகுதி நியாயமற்றது. இரண்டையும் பிரித்துக் காட்டாமல் மொத்தமாக “ஹராம்” என்று முத்திரை குத்துவது மார்க்கத்தின் மீதுள்ள பேணுதல் ஆகாது. அது விசாரிக்கும் உழைப்பிலிருந்து தப்பிக்கும் வழி.

முதலில் அந்த விளையாட்டு என்னவென்று பார்ப்போம். ஒரு மேசையைச் சுற்றி நான்கு முதல் ஆறு பேர் அமர்கிறார்கள். ஒருவர் நடுவர், அவரே கதைசொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்கிறார்கள். ஒருவர் மாலுமி, ஒருவர் வணிகர், ஒருவர் மருத்துவர். நடுவர் ஒரு நிலைமையை விவரிக்கிறார்: “இரவு. கப்பல் மணல்திட்டில் தட்டி நிற்கிறது. தண்ணீர் உள்ளே வருகிறது. என்ன செய்கிறீர்கள்?” ஒவ்வொருவரும் தம் பாத்திரம் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டும். அதன் விளைவை நடுவர் சொல்வார். கதை அங்கிருந்து நகரும். வேடமில்லை, மேடையில்லை, திரையுமில்லை. பேச்சும் தாளும் பென்சிலும் போதும். வெற்றி தோல்வி என்பது பெரும்பாலும் இல்லை. எல்லாரும் சேர்ந்து ஓர் இக்கட்டைக் கடப்பதுதான் ஆட்டம்.

இதன் அச்சிட்ட முதல் வடிவம் அமெரிக்காவில் 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. அதற்கு ஆறாண்டுகளுக்கு முன்பே, 1968-இல், விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் கைகாக்ஸ் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து விளையாட்டு ஆர்வலர்களைக் கூட்டினார். ‘ஜென் கான்’ என்று பெயர் பெற்ற அந்தக் கூட்டத்துக்கு இன்று இண்டியானாபொலிஸ் நகரில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். சிற்றூரில் ஒரு மண்டபமும் சில மேசைகளும்தான் தொடக்கம். நம் பிள்ளைகள் கேட்டதும் அவ்வளவுதான்.

அந்த அச்சம் எங்கே பிறந்தது?

“ஷைத்தான் சடங்கு” என்ற குற்றச்சாட்டு நம் உலமாக்களின் ஆய்விலிருந்து வந்ததன்று. அதன் பிறப்பிடம் 1980-களின் அமெரிக்கா. 1979-இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் காணாமல் போனார். அவர் இந்த விளையாட்டின் மயக்கத்தில் பல்கலைக்கழகத்தின் நீராவிச் சுரங்கங்களுக்குள் தொலைந்துவிட்டார் என்று செய்தித்தாள்கள் எழுதின. உண்மையில் அவர் வேறொரு மாநிலத்தில் உயிருடன் கண்டுபிடிக்கப்பட்டார். ஆழ்ந்த மனவேதனையில் இருந்த அவர் 1980-இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த வேதனையை யாரும் பேசவில்லை, விளையாட்டையே பேசினார்கள். 1983-இல், மகனை இழந்த ஒரு தாயான பெட்ரிஷியா புல்லிங் இந்த விளையாட்டுக்கு எதிராக இயக்கம் தொடங்கினார். அந்தத் தாயின் துயரம் மதிக்கத்தக்கது. ஆனால் அவர் முன்வைத்த வாதங்களை 1990-இல் மைக்கேல் ஸ்டாக்போல் ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அவை ஆதாரமற்றவை என்று விரிவாகக் காட்டினார்.

1984-இல் ஜாக் சிக் என்னும் கிறித்தவப் பரப்புரையாளரின் பதிப்பகம் ‘டார்க் டன்ஜன்ஸ்’ என்ற சிறு படக்கதை நூலை வெளியிட்டது. விளையாடும் பெண்பிள்ளை சூனியக்காரியாக்கப்படுவது, தோழி தற்கொலை செய்துகொள்வது என்று இன்று நம் கைப்பேசிகளில் உலவும் கதையின் சாயல் முழுவதும் அதில் இருக்கிறது. அதே பதிப்பகம் இஸ்லாத்தைப் பற்றி என்ன வெளியிட்டது தெரியுமா? இஸ்லாமே வத்திக்கானின் சூழ்ச்சியால் உருவாக்கப்பட்டது என்று 1988-இல் ஒரு படக்கதை. அல்லாஹ்வை நிலவுக் கடவுள் என்று இழித்துரைக்கும் இன்னொரு சிறுநூல். நம் ஈமானைப் பழித்தவர்களின் தொழிற்சாலையில் தயாரான அச்சத்தை, அனுப்பியவர் யாரென்றும் பாராமல் “மார்க்க எச்சரிக்கை” என்று நாமே பரப்புகிறோம். தீயவன் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால் தீர விசாரித்துக்கொள்ளுங்கள் என்று சூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கற்பித்த ஒழுக்கம் எங்கே போயிற்று?

ஆதரவாளர்களுக்கும் ஒரு சொல்

மறுபக்கத்தில், இந்த விளையாட்டை விரும்பும் இளைஞர்கள் சிலர் எளிதான ஒரு பதிலை வைத்திருக்கிறார்கள்: “இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரே முஸ்லிம்தான்!” அவர்கள் சொல்வது முஹம்மது அப்துர் ரஹ்மான் பார்க்கரை. 1929-இல் அமெரிக்காவில் பிறந்து, இளமையில் இந்தியாவுக்குப் படிக்க வந்தபோது இஸ்லாத்தை ஏற்றவர். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்திலும் பின்னர் மினசோட்டா பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்தவர். உருது மொழிப் பாடநூல்களை உருவாக்கியவர். அவர் படைத்த ‘எம்பயர் ஆஃப் தி பெடல் த்ரோன்’ 1975-இல் வெளியானது. இவ்வகை விளையாட்டுகளில் மிக முற்பட்டவற்றுள் ஒன்று. அதற்கெனத் தனி மொழியையே அவர் இலக்கணத்தோடு இயற்றினார்.

இவை உண்மை. ஆனால் அவர் இறந்து பத்தாண்டுகள் கழித்து, 2022-இல், அவருடைய படைப்புகளைப் பேணும் அறக்கட்டளையே ஒன்றை ஒப்புக்கொண்டது. 1991-இல் புனைபெயரில் வெளியான ஒரு நாஜி ஆதரவு நாவலை எழுதியவர் அவர்தான். யூத இனப்படுகொலையை மறுக்கும் ஓர் இதழின் ஆசிரியர் குழுவிலும் அவர் பெயர் இருந்தது. அவர் படைத்த கற்பனை உலகமோ பல தெய்வ வழிபாடும் நரபலியும் நிறைந்தது.

ஆகவே இளைஞர்களே, “முஸ்லிம் ஒருவர் செய்தார்” என்பது எதையும் ஹலாலாக்காது. பெரியவர்களே, “பிறர் செய்தார்கள்” என்பது எதையும் ஹராமாக்காது. பெயர் எதற்கும் சான்றிதழ் ஆகாது. மேசையில் என்ன நடக்கிறது என்பதைத்தான் நாம் அளக்க வேண்டும்.

பகடை: இங்கே எதிர்ப்பு நியாயமானது

இந்த விளையாட்டின் பெரும்பாலான வடிவங்கள் பகடை உருட்டி விளைவைத் தீர்மானிக்கின்றன. ‘நர்தஷீர்’ எனும் பகடையாட்டத்தை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. பணம் வைக்காவிட்டாலும் பகடையாட்டம் கூடாது என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் நிலைப்பாடு. இதில் சாக்குப்போக்குக்கு இடமில்லை. “சும்மா விளையாட்டுக்குத்தானே” என்று எண்முகப் பகடையையும் இருபதுமுகப் பகடையையும் மேசையில் கொட்டுகிறவர், தாம் எதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம் என்று சிந்திக்கட்டும். கூடவே இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. திருமண வீடுகளிலும் விடுமுறைப் பகல்களிலும் நம் கூடத்திலேயே தாயக்கட்டை உருளும்போது இந்தக் கடுமை எங்கே ஒளிந்துகொள்கிறது? நாமறிந்த பகடைக்கு ஒரு சட்டம், அறியாத பகடைக்கு ஒரு சட்டமா?

ஆனால் பகடை இல்லாவிட்டால் இந்த விளையாட்டே இல்லை என்பது தவறு. இதன் மூதாதை, பிரஷ்யப் படை அதிகாரிகள் பயிற்சிக்காக ஆடிய ‘கிரீக்ஸ்பீல்’ எனும் போர் விளையாட்டு. 1824-இல் ரைஸ்விட்ஸ் வகுத்த விதிகளில் பகடை உண்டு. 1876-இல் வெர்டி டு வெர்ன்வா என்ற தளபதி பகடையையும் தடித்த விதிநூலையும் அகற்றினார். அனுபவமுள்ள நடுவர் இரு தரப்பின் திட்டத்தையும் கேட்டு, நியாயமாக எது நிகழக்கூடும் என்று தீர்ப்புச் சொன்னால் போதும் என்றார். பொழுதுபோக்கு விளையாட்டிலும் 1991-இல் வெளியான ‘ஆம்பர்’ பகடையே இல்லாமல் ஆடப்படுகிறது. ஒவ்வொரு பாத்திரத்தின் திறனையும் ஆடுபவர் சொல்லும் காரணத்தையும் எடைபோட்டு நடுவர் முடிவு சொல்கிறார். பகடையை எடுத்துவிட்டால் ஆட்டம் சாகாது. குருட்டு வாய்ப்பு நின்ற இடத்தில் யோசனையும் வாதமும் வந்து அமரும். நம் பிள்ளைகளுக்கு வேண்டியதும் அதுதானே?

கற்பனை பொய்யாகுமா?

“இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்வது பொய், பொய் ஹராம்” என்பது அடுத்த வாதம். பொய் என்பது கேட்பவரை ஏமாற்றுவது. மேசையில் அமர்ந்த ஆறு பேருக்கும் இது கதை என்று தெரியும். ஏமாந்தவர் யார்?

அபூதாவூதில் வரும் ஒரு செய்தி நினைவுகூரத்தக்கது. ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு நடுவே துணியாலான இறக்கைகள் கொண்ட ஒரு குதிரையை நபி (ஸல்) அவர்கள் கண்டார்கள். குதிரைக்கு இறக்கையா என்று வினவினார்கள். சுலைமான் (அலை) அவர்களிடம் இறக்கையுள்ள குதிரைகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் மறுமொழி சொன்னார்கள். அதைக் கேட்டு நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியுமளவு சிரித்தார்கள். கண்டிப்பு இல்லை, பறிமுதல் இல்லை. அந்தச் சிரிப்பை நம் இல்லங்களில் நாம் எங்கே தொலைத்தோம்?

பெரியவர்களுக்கான சான்றும் உண்டு. பஸராவின் ஹரீரி (இறப்பு 1122) இயற்றிய ‘மகாமாத்’ தர்ஸே நிஜாமி மதரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டுவரும் பாடநூல். ஊர் ஊராக மாறுவேடத்தில் வந்து சொல்வன்மையால் மக்களை அசத்தும் அபூஸைத் என்ற பாத்திரத்தின் ஐம்பது கதைகள் அவை, அத்தனையும் புனைவு. புனைவு என்பதற்காகத் தம்மைப் பழிப்பார்கள் என்று அறிந்த ஹரீரி முன்னுரையிலேயே விடை சொல்லிவிட்டார். விலங்குகளும் உயிரற்றவையும் பேசும் கதைகளை எவரும் பழித்ததில்லை. நோக்கத்தைக் கொண்டே செயல் அளக்கப்படும் என்பது அவர் வாதத்தின் சாரம். நம் தமிழ் முஸ்லிம் முன்னோரும் கிஸ்ஸா, நாமா, மசலா, படைப்போர் என்று கதை வடிவங்களை வளர்த்தவர்கள். 1572-ஆம் ஆண்டைச் சேர்ந்த ‘ஆயிரம் மசலா’ கேள்வியும் விடையுமாகவே நடக்கிறது. கதை கேட்டு வளர்ந்த சமூகம் கதையைக் கண்டு அஞ்சுவது விந்தை.

இதற்கு எல்லை உண்டு. பிள்ளை ஒரு கற்பனைத் தெய்வத்தின் பூசாரியாக நடிப்பது, மந்திரம் சொல்லி வரம் கேட்பது, சூனியத்தை வலிமையாகக் கொண்டாடுவது ஆகியவற்றை விளையாட்டாகக்கூட ஏற்க முடியாது. வெளிநாட்டு விதிநூல்கள் பலவற்றில் இவை நிறைந்திருக்கின்றன. அவற்றை அப்படியே அச்செடுத்து மேசையில் வைப்பதை நானும் எதிர்க்கிறேன். விதிநூல் இறைவேதமன்று. வேண்டாத பக்கங்களைக் கிழித்துவிட்டு நம் கதையை நாம் எழுதிக்கொள்ளலாம்.

நம் மண்ணின் கதைகள்

எதை எழுதுவது? காயல் துறைமுகத்துக்கு அரபுக் குதிரைகளை ஏற்றிவந்த ஒரு கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். புயலில் கப்பல் மூழ்காதிருக்கச் சரக்கைக் கடலில் எறிய வேண்டும். யாருடைய சரக்கை எறிவது? தப்பிய சரக்கின் உரிமையாளர் எறியப்பட்டவருக்கு ஈடு தர வேண்டுமா? நம் சட்ட அறிஞர்கள் மெய்யாகவே விவாதித்த கேள்வி இது. பதினான்கு வயதுப் பிள்ளைகள் மூன்று மணி நேரம் அமானிதத்தையும் நீதியையும் பற்றி வாதிடுவார்கள். இத்தனை நேரம் அவர்களை உட்காரவைக்கும் பயான் எத்தனை?

இன்னும் அருகில் வருவோம். நம் மாவட்டம் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பெயர்பெற்றது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 35-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். புகையைக் கண்டு உதவவும் பார்க்கவும் ஓடிச் சென்ற சுற்றுவட்டார மக்களும் அவர்களில் இருந்தார்கள். இன்றும் ஆண்டுதோறும் ஏதேனும் ஓர் ஆலையிலிருந்து அத்தகைய செய்தி வருகிறது. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை அறைக்குள் அமர்த்தியதே காரணம் என்று அதன் பின் படிக்கிறோம்.

இப்போது அந்த மேசைக்கு வாருங்கள். நடுவர் சொல்கிறார்: “நீ போர்மேன். அறையில் நான்கு பேர்தான் இருக்கலாம். தீபாவளிக்கு மூன்று வாரம். முதலாளி இன்னும் மூவரை உள்ளே அனுப்பச் சொல்கிறார். என்ன சொல்வாய்?” அடுத்த பிள்ளையிடம்: “நீ அந்த மூவரில் ஒருத்தி. வாரக் கூலி போனால் வீட்டில் உலை இல்லை. உள்ளே போவாயா?” மூன்றாமவனிடம்: “நீ பக்கத்து ஊர்க்காரன். புகை தெரிகிறது. உன் அக்கா உள்ளே இருக்கிறாள். ஓடுவாயா, நின்று மற்றவர்களைத் தடுப்பாயா?” தீயணைப்புத் துறையினர் பள்ளிகளில் நடத்தும் ஒத்திகைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? உடல் ஓடிப் பழகுவதை அங்கே செய்கிறார்கள். மனம் “முடியாது” என்று சொல்லிப் பழகுவதை இங்கே செய்யலாம். நாளை இந்தப் பிள்ளைகளில் ஒருவர் மெய்யான அறை வாசலில் நிற்கக்கூடும். அன்று அந்தச் சொல் வாயில் வருவதற்கு இன்று ஒருமுறையேனும் அதைச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டாமா?

மெய்யான எதிரி கையில் இருக்கிறது

மேசையைக் கவிழ்த்துவிட்டால் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று நினைக்கிறீர்கள்? குர்ஆன் ஓதும் திண்ணைக்கா? கைப்பேசிக்குத்தான் போவார்கள். இணையச் சூதாட்டத்தில் கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் தொடர்ந்து வந்ததால்தான் தமிழ்நாடு சட்டமன்றம் 2022-இல் தடைச் சட்டம் இயற்றியது. ஆளுநர் அதைத் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வாய்ப்பு விளையாட்டுகளுக்கான தடையை ஏற்று, ரம்மி, போக்கர் மீதான தடையை நீக்கியது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை முற்றாகத் தடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. குர்ஆன் மதுவோடு சேர்த்துத் தடுத்த ‘மைஸிர்’ இதுதான். இது பிள்ளையின் போர்வைக்குள் நள்ளிரவில் நடக்கிறது. யாரும் பார்ப்பதில்லை, எவரும் தடுப்பதில்லை.

மேசை விளையாட்டோ பகலில், வெளிச்சத்தில், நேருக்கு நேர் முகம் பார்த்து நடக்கிறது. பந்தயம் இல்லை. கைப்பேசிக்கு வேலையில்லை. பெற்றோர் பக்கத்தில் நாற்காலி போட்டு அமரலாம். இதைத் தடுப்பதில் காட்டும் வேகத்தில் பாதியையேனும் அந்தச் சூதின் மீது காட்டியிருக்கிறோமா? கண்ணுக்குத் தெரிவதைத் தடுப்பது எளிது, அதனால்தான் தடுக்கிறோம்.

எப்படி நடத்தலாம்?

ஜமாஅத் பொறுப்பாளர்களிடம் நான் வேண்டுவது நிபந்தனையோடு கூடிய அனுமதி.

பகடையோ சீட்டுக்கட்டோ வேண்டாம். விளைவை நடுவர் காரணம் சொல்லித் தீர்மானிக்கட்டும். நுழைவுக் கட்டணத்தைத் திரட்டிப் பரிசாக்கும் வழக்கம் கூடாது. அது சூதின் வாசலைத் திறக்கும். தெய்வம், பூசை, சூனியம், நபிமார்களையும் ஸஹாபாக்களையும் பாத்திரமாக்குதல் ஆகிய நான்கும் கதையில் இடம்பெறக் கூடாது. ஒவ்வொரு கதையையும் முன்கூட்டியே எழுதி ஓர் ஆலிமிடம் காட்டட்டும்.

நேரத்தை வக்து தீர்மானிக்கட்டும். மேலைநாட்டுக் கூடல்களில் ஓர் ஆட்டத்துக்கு நான்கு மணி நேரம் ஒதுக்குவது வழக்கம். நமக்கு மூன்று மணி நேரம் போதும். லுஹர் ஜமாஅத் முடித்து அமர்ந்தால் அஸர் பாங்குக்குள் கதை முடிய வேண்டும். முடியாவிட்டால் முடியாத இடத்திலேயே எழுந்து தொழப் போக வேண்டும். சுவையான கட்டத்தில் நிறுத்தி எழத் தெரிந்த பிள்ளை மேசையில் வென்றுவிட்டது என்று பொருள். பெண்பிள்ளைகளுக்குத் தனி மேசைகளும் தனி நடுவர்களும் இருக்கட்டும். அவர்களை வீட்டிலேயே விட்டுவிடுவது இதற்குத் தீர்வல்ல. பத்து வயதுக்கு உட்பட்டோருக்கு வேறு விளையாட்டுகள் போதும். எந்தப் பிள்ளையேனும் கதையில் மனம் கலங்கினால் ஆட்டத்தை அங்கேயே நிறுத்தும் பொறுப்பு நடுவருடையது. அந்தப் பக்குவமுள்ளவரையே நடுவராக்குங்கள்.

இந்த நிபந்தனைகளை ஏற்க மறுத்தால், அந்தப் பிள்ளைகளைக் கண்டிக்க உங்களோடு நானும் வருவேன். ஏற்றுக்கொண்ட பின்பும் நீங்கள் மறுத்தால், மார்க்கத்தின் பெயரால் உங்கள் அச்சத்தைக் காக்கிறீர்கள் என்று சொல்ல நேரும். ஹராமல்லாத ஒன்றை ஹராம் என்று கூறும் நாவுக்கும் மறுமையில் கேள்வி உண்டு.

அந்தப் பிள்ளைகளை ஒருநாள் மஃரிபுக்குப் பின் பள்ளிவாசலுக்கு அழையுங்கள். ஒரு மேசை போடச் சொல்லுங்கள். செயலாளர் ஒரு பாத்திரத்தை ஏற்கட்டும், முத்தவல்லி ஒன்றை ஏற்கட்டும். அந்தப் போர்மேனிடம் கேட்ட கேள்வியை உங்களிடமே கேட்கச் சொல்லுங்கள். விடை சொன்ன பிறகு தீர்ப்பு வழங்குங்கள்.

அல்லாஹ் நமக்கு நல்லதை நல்லதென்று கண்டு பின்பற்றவும், தீயதைத் தீயதென்று கண்டு விலகவும் அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.